விலக முடியாத வாடிக்கையாளர்

ஒருமுறை ஏமாற்றிய வணிகரிடம் மறுபடியும் பொருள் வாங்கலாமா என்ற கேள்வி தனிமனிதருக்கு எழும்போது, அது அறச்சிக்கலாக வளர்வது அரிது. அவர் கடையை மாற்றிக்கொள்கிறார், விவகாரம் அதோடு முடிந்துவிடுகிறது. கடையை மாற்ற வழியற்றவரும், ஊரார் பணத்தில் ஊரார் உயிரைக் காக்கும் கருவியை வாங்கக் கடமைப்பட்டவருமான ஒருவருக்கு அதே கேள்வி எழும்போதுதான் அதன் கடுமை தெரிகிறது. ஜெர்மனியின் தீயணைப்பு ஊர்தித் தொழிலில் குறைந்தது 2001 முதல் 2009 வரை நடந்தவையும், அவை வெளிப்பட்ட பின் அந்நாட்டின் உள்ளாட்சிகள் நின்ற நிலையும், இதை எண்ணிப் பார்க்க ஏற்ற களமாக அமைகின்றன.

தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறை. ஜெர்மனியிலோ அது உள்ளாட்சியின் பொறுப்பு. ஒவ்வோர் ஊரும் தன் நிலைமைக்கேற்ற தீயணைப்புப் படையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் கட்டளையிடுகின்றன. சம்பளம் பெறும் முழுநேரப் படை பெரும்பாலும் பெருநகரங்களில் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில், அழைப்பு வந்ததும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் தன்னார்வலர்களே படை. நாடு முழுவதும் இத்தகையோர் சுமார் 10 லட்சம் பேர் இருக்கின்றனர். அவர்கள் ஊதியம் கேட்பதில்லை, வண்டி மட்டுமே கேட்கிறார்கள்.

அந்த வண்டி எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கட்டடச் சட்டத்தின் ஒரு விதி காட்டும். ஒவ்வொரு குடியிருப்புக்கும், தீ மூண்டால் வெளியேற இரண்டு தனித்தனி வழிகள் இருக்க வேண்டும். முதல் வழி மாடிப்படி. இரண்டாவது வழியாக, தீயணைப்புப் படையின் ஏணி எட்டக்கூடிய ஒரு சன்னலைக் காட்டினாலும் சட்டம் ஏற்கும். ஆனால் அந்தச் சன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 8 மீட்டருக்கு மேல் இருந்தால், உள்ளூர்ப் படையிடம் சுழல் ஏணி ஊர்தி போன்ற உயர மீட்பு வாகனம் இருந்தாக வேண்டும். இவ்வகை ஊர்திகளில் வழக்கமான ஒன்று, கட்டடத்திலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்றபடி 23 மீட்டர் உயரத்தை எட்டக்கூடியது. இரண்டாவது படிக்கட்டு இல்லாத எத்தனையோ அடுக்குமாடி வீடுகளுக்கு, எங்கோ ஒரு கொட்டகையில் நிற்கும் இந்த ஊர்திதான் அந்தப் படிக்கட்டு. ஆகவே விலை அதிகம் என்பதற்காக அதை வாங்காமல் விடும் உரிமை ஊர் மன்றத்துக்குப் பேருக்குத்தான் உண்டு.

இத்தகைய வாங்குவோரை எதிர்கொள்ளும் தொழிலின் அமைப்பையும் சிறிது காண வேண்டும். எஞ்சினும் சக்கரங்களும் அமைந்த அடிச்சட்டம், அதாவது சேஸிஸ், மேன், மெர்சிடிஸ் போன்ற லாரி நிறுவனங்களிடமிருந்து வருகிறது; கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுவதுபோல, தண்ணீர்த் தொட்டி, பம்பு, கருவிப் பெட்டிகள், குழாய்ச் சுருள்கள் ஆகியவற்றை அதன்மேல் அமைத்துக் கொடுப்பதே தீயணைப்பு ஊர்தி நிறுவனத்தின் வேலை. அளவுகளைத் தேசியத் தர விதிகள் வகுத்துவிடுகின்றன. ஒவ்வோர் ஊரும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றோ இரண்டோ வண்டி வாங்குவதால் சந்தை சிறியது. அதில் நிலைத்து நிற்கும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தொழில் வணிகப் பேராசையில் பிறந்ததும் அன்று. உல்ம் நகரத் தீயணைப்புப் படையின் தலைவராக இருந்த கான்ராட் டீட்ரிஷ் மாகிருஸ், 1853இல் தீயணைப்புப் படைகளை ஒரே சங்கமாகச் சேர்க்க முன்னின்றவர். 1864இல் தீயணைப்புக் கருவிகளுக்கான தொழிலைத் தொடங்கியவரும் அவரே. வண்டி செய்பவரும் தீயில் இறங்குபவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது.

அந்தப் பெயரைத் தாங்கிய நிறுவனமும் பிற்காலக் கூட்டுச் சதியில் ஒரு பங்காளியாக இருந்தது. போட்டியிட வேண்டிய நிறுவனங்கள் மறைவில் கூடி, விலையையோ சந்தைப் பங்கையோ தமக்குள் பேசி முடித்துக்கொள்வதைக் கார்ட்டெல் என்பர். இங்கே நடந்த முறை வியப்பூட்டும் அளவுக்கு ஒழுங்கானது: நிறுவனங்கள் தமக்கு வந்த ஆர்டர்களைச் சூரிச்சில் இருந்த ஒரு கணக்காயரிடம் தெரிவிக்க, அவர் அவற்றைத் தொகுத்துப் பட்டியலிட, அதை வைத்துக்கொண்டு சூரிச் விமான நிலையத்தில் கூடியவர்கள், தமக்குள் முடிவுசெய்திருந்த பங்கை எவர் மீறினார், எவர் பின்தங்கினார் என்று சரிபார்த்தனர். நேர்மையைச் சான்றளிப்பதற்கென்றே இருக்கும் ஒரு தொழிலை, மோசடியின் நேர்மையைச் சான்றளிக்க அமர்த்தியிருந்தார்கள். போட்டி விதிகளைக் காக்கும் ஜெர்மானிய ஆணையம் 2011 பிப்ரவரியில் சீக்லர், ஷ்லிங்மான், ரோசன்பவர் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து 2.05 கோடி யூரோ அபராதம் விதித்தது. இவெகோ மாகிருஸ் நிறுவனத்தின் மீதான நடவடிக்கை தனியே தொடர்ந்து, அதற்கும் அபராதம் வந்தது. இரண்டே பெரிய உற்பத்தியாளர்கள் இருந்த சுழல் ஏணிச் சந்தையிலும் இதே போன்ற பங்கீடு நடந்தது தெரியவந்தது.

இந்தச் செயலுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதம் ஒன்று இல்லாமல் இல்லை. சிறிய சந்தையில் விலைப்போர் மூண்டால் பலவீனமான நிறுவனங்கள் மடியும். மடிந்தபின் எஞ்சியவர் வைத்ததே விலை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஓட வேண்டிய வண்டிக்கு உதிரிப்பாகம் தர ஆளில்லாமல் போகும். எனவே பங்குகளை நிலையாக வைத்திருப்பது வாங்குவோருக்கே நன்மை என்று ஒருவர் வாதிடலாம். பொருளியல் நோக்கில் இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் வாங்குவோரின் நன்மைக்காகச் செய்த ஏற்பாடு என்றால் அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஊர்களின் கூட்டமைப்புகளோடு வெளிப்படையாகப் பேசியிருக்கலாம். ஒப்பந்தப்புள்ளி கோரிய ஊர் அலுவலர், உறை பிரிக்கும்போது தன் முன் போட்டி நடப்பதாகவே நம்பினார். யாருடைய நன்மையின் பெயரால் செய்யப்படுகிறதோ அவரிடமே மறைக்க வேண்டியிருந்த நன்மை எத்தகையது என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை.

கேட்டின் அளவை மிகைப்படுத்தாமல் இருப்பதும் நேர்மைதான். இன்ன வீட்டில் இன்னார் இறந்தது ஒரு வண்டி கூடுதல் விலைக்கு விற்கப்பட்டதால்தான் என்று எவராலும் நிறுவ முடியாது. கூடுதல் விலை பல இடங்களுக்குச் சிதறிப் போகிறது: ஊரின் வரிப்பணத்துக்கு, காப்பீட்டுப் பிரீமியத்தின் மேல் தீப்பாதுகாப்புக்கென்றே வசூலிக்கப்பட்டு, மாநிலங்கள் வழியாக ஊர்களுக்கு மானியமாக வரும் வரிக்கு, இன்னும் ஓராண்டு ஓடட்டும் என்று நிறுத்திவைக்கப்பட்ட பழைய வண்டிக்கு. பாதிக்கப்பட்டவரின் முகம் தெரியாததால் குற்றம் சிறியது என்ற எண்ணம் செய்தவருக்கு எளிதில் வந்துவிடுகிறது.

குற்றம் தெரிந்தபின் ஊர் என்ன செய்வது? ஏமாற்றியவரை ஏலத்திலிருந்து விலக்குவதே இயல்பான நீதியாகத் தோன்றும். ஆனால் பெரிய நிறுவனங்கள் அனைத்தும் குற்றவாளிகளாக இருக்கும் சந்தையில், அனைவரையும் விலக்கினால் வண்டி கிடையாது. ஒருவரை மட்டும் விலக்கினால் மற்றக் குற்றவாளிகளுக்கு அது பரிசு. கரடிப் பொம்மைகளுக்குப் பெயர்போன கீங்கன் என்ற சிற்றூரில் 1891இல் குழாய் ஆலையாகத் தொடங்கிய சீக்லர், அபராதம் வந்த 2011ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே நொடிப்பு அறிவித்து, 2013இல் சரக்குப் பெட்டக உற்பத்தியில் பெரிதான சீன நிறுவனமான சிஐஎம்சியின் கைக்குப் போனது. அபராதம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் தண்டனை மிகுந்தால், ஏமாற்றப்பட்ட ஊர்களே இன்னும் குறைவான விற்பனையாளர்களோடு விடப்படும் அபாயம் உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறி இதற்கு ஒரு நடுவழியை வகுக்கிறது. தவறிழைத்த நிறுவனம் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொண்டதாக நிறுவினால், மீண்டும் போட்டியில் சேரலாம். அதற்கு அது இழப்பீட்டைக் கொடுத்தோ கொடுப்பதாக ஏற்றோ இருக்க வேண்டும், உண்மைகளை வெளிக்கொணர முழுமையாக ஒத்துழைத்திருக்க வேண்டும், அதே தவறு திரும்பாதபடி ஆட்களையும் நடைமுறைகளையும் மாற்றியிருக்க வேண்டும். இதைப் பணக்காரருக்கான பாவமன்னிப்பு என்று பழிப்பது எளிது; அந்தப் பழிப்பு சரியன்று. அபராதம் அரசு கருவூலத்துக்குப் போகிறது, வஞ்சிக்கப்பட்ட ஊருக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை. இந்த நெறியோ, திரும்பி வருவதற்கான விலையை வஞ்சிக்கப்பட்டவரிடமே செலுத்தச் செய்கிறது. ஊர் மன்றத்தின் கடமை தன் மானத்தைக் காப்பதற்கும் முன்னால், எட்டு மீட்டருக்கு மேல் சன்னல் உள்ளவரைக் காப்பதாகும்; ஆகவே நிபந்தனையோடு மீண்டும் வாங்குவது அறத்தோடு செய்யும் சமரசம் ஆகாது, அறமே அதைக் கோருகிறது.

எனினும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. எதிராளி தூய்மையாகிவிட்டாரா என்று தீர்மானிக்க வேண்டியவர், அவரிடம் அவசரமாக வண்டி வாங்க வேண்டியவராகவும் இருந்தால், அவர் தீர்ப்பு சுதந்திரமானதாக இராது. ஜெர்மனி பின்னர் தவறிழைத்த நிறுவனங்களின் தேசியப் பதிவேடு ஒன்றைப் போட்டி ஆணையத்திடமே ஒப்படைத்து, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கொள்முதலில் அதைப் பார்த்தாக வேண்டும் என்று 2022 ஜூன் முதல் கட்டாயமாக்கியது. அதிலிருந்து காலத்துக்கு முன் பெயரை நீக்கக் கோரும் நிறுவனம், தன் தூய்மையை அந்த ஆணையத்திடம் மெய்ப்பிக்க வேண்டும். தேவைப்படுபவரிடமிருந்து தீர்ப்பளிக்கும் சுமையை எடுத்துவிட்டது என்பதே இதன் சிறப்பு.

சதியே இல்லாமலும் இதே நிலைக்கு வந்துசேரலாம் என்பதற்கு அமெரிக்கா எடுத்துக்காட்டு. ரெவ் குரூப் என்ற நிறுவனம் 2016இல் கேஎம்இயையும் 2017இல் ஃபெராராவையும் 2020இல் ஸ்பார்ட்டனின் தீயணைப்புப் பிரிவையும் சட்டப்படியே வாங்கியது; பென்சில்வேனியாவில் கேஎம்இ வண்டிகள் உருவான ஆலை 2022இல் மூடப்பட்டது. வண்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஊர்களின் குறை, 2025 செப்டம்பரில் செனட்டின் ஒரு துணைக்குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. பெருந்தொற்றுக் காலத்தில் பாகங்களுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டையும், ஒவ்வொரு படையும் தனக்கென்றே தனி வடிவம் கேட்டு வேலையை இழுத்தடிப்பதையும் கணக்கில் எடுக்காமல் உற்பத்தியாளரை மட்டும் பழிப்பது நியாயமன்று. ஆனாலும் வாடிக்கையாளர் விலக முடியாதவர் என்பதே ஒரு நிறுவனத்தின் சொத்துகளில் மதிப்பு மிக்கதாகிவிட்ட பிறகு, அதைச் சட்டப்படி சேர்த்தார்களா சூரிச்சில் கூடிச் சேர்த்தார்களா என்ற வேறுபாடு, காத்திருக்கும் ஊருக்குச் சிறியதே.

வாங்குவோர் ஒன்று சேர்வதே இதற்கு மாற்று என்று பலர் கருதுகின்றனர். ஜெர்மனியில் சில மாநிலங்கள் ஊர்களின் தேவையைத் தொகுத்து ஒரே ஒப்பந்தமாக வாங்கித் தருகின்றன. பேரிடர்க் காலத்துக்கான ஊர்திகளை மத்திய அரசு மொத்தமாக வாங்குகிறது. ஊரின் தனி விருப்பங்கள் குறைகின்றன, பேரம் பேசும் வலு கூடுகிறது. ஆனால் அத்தகைய பேரொப்பந்தம் ஒரே நிறுவனத்துக்குப் போனால், தோற்றவர்களில் சிறியவர் அடுத்த ஏலம் வரை தாக்குப்பிடிப்பது கடினம். எனவே ஒப்பந்தத்தை எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது, மிகக் குறைந்த விலைக்குச் சற்று மேலே நிற்கும் இரண்டாமவருக்கும் ஒரு பகுதியைக் கொடுப்பதா, அதற்காகும் கூடுதல் தொகையை இன்றைய வரிசெலுத்துவோரிடம் எப்படி நியாயப்படுத்துவது என்பவற்றை, விற்போரின் குற்றத்தைப் பேசும் அதே மன்றங்கள் தம் கணக்கிலும் எழுதியாக வேண்டியிருக்கிறது.