தெரியாமல் செய்தேன்

விடுமுறைக்குப் பெந்தோட்டைக்குப் போகிறீர்கள். ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே 'ஜெட் ஸ்கீ' வாடகைக்குக் கிடைக்கிறது. நீங்களே ஓட்டலாம். கால் மணி நேரந்தானே என்று மகன் கெஞ்சுகிறான். உயிர்காப்பு அங்கியும் மாட்டியாயிற்று. கேட்கவேண்டியதைக் கேட்டீர்களா?

இவ்வியந்திரம் நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீச்சி ஓடுவது. அதைத் திருப்புவதும் அந்த நீரே. பலவற்றிற்குப் பிறேக் கிடையாது. எதிரே குளிக்கும் பிள்ளையைக் கண்டு பதறி விசையை விட்டுவிட்டால், கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் நேரேதான் வழுக்கிச் செல்லும். விலகவேண்டுமாயின் சிறிது விசை கொடுத்தே திருப்பவேண்டும். சைக்கிளில் பழகிய நம் கைக்கு இது முற்றும் விரோதம்!

"எனக்குத் தெரியாதே, சுவாமி" என்பீர்கள். அறிய வழியே இல்லாதவனின் அறியாமை வேறு. ஒரு கேள்வியில் அறிந்திருக்கக் கூடியவனின் அறியாமை வேறு. அசட்டையால் வரும் அறியாமையைச் சட்டமியற்றுவோர் தண்டிப்பதை அரிஸ்டோட்டில் அன்றே எடுத்துக்காட்டினார். வாடகைக்கு விடுபவருக்கும் பொறுப்புண்டு, மறுக்கவில்லை. ஆனால் விசை உங்கள் கையில். குளிக்கும் பிள்ளையோ இந்த ஓட்டத்திற்குச் சம்மதம் தரவில்லை.

அங்கியின் வாரை இறுக்கும்போதே கேளுங்கள்: "தம்பி, விசையை விட்டால் இது திரும்புமா?"