செய்யாமையின் பொறுப்பு

கருவுற்ற பெண்ணுக்கு எமது சமுதாயம் கூறும் அறிவுரைகளுட் பெரும்பாலானவை 'செய்யாதே' என்றே முடிகின்றன. இதை உண்ணாதே, அங்கே போகாதே, அந்த மருந்தைத் தொடாதே. இவை அன்பினால் எழுந்த சொற்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் இவற்றின் அடியில் ஓர் எண்ணம் ஆராயப்படாமலே கிடக்கின்றது. செய்து வரும் தீங்குக்குச் செய்தவர் பொறுப்பு. செய்யாதிருந்து வரும் தீங்குக்கு விதி பொறுப்பு என்பதே அது. கர்ப்பிணிகள் இன்புளுவென்சாத் தடுப்பூசி ஏற்றலாமா என்ற வினா எழும்போது இவ்வெண்ணமே முன்வந்து நிற்கின்றது. ஊசி ஏற்றியபின் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் என்று கேட்போர், ஏற்றாதுவிட்டு ஏதேனும் நேர்ந்தால் என்று கேட்பதில்லை.

கேளாத அவ்வினாவுக்கும் வரலாற்றில் விடையுண்டு. 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது ஐக்கிய அமெரிக்காவில் நோயுற்ற 1,350 கர்ப்பிணிகள் பற்றி 1919இல் வெளிவந்த ஆய்வொன்று, அவர்களுள் 27 சதவீதத்தினர் மாண்டனர் எனக் கூறுகின்றது. 2009இல் எச்1என்1 வைரசு பரவியபோது, அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ 1 சதவீதத்தினரான கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தோருள் ஏறத்தாழ 5 சதவீதத்தினராயினர். கருவைச் சுமக்கும் உடலில் இதயத்தின் வேலை கூடுகின்றது. வளரும் கருப்பை நுரையீரலை நெருக்குகின்றது. நோயை எதிர்க்கும் முறையும் மாறுகின்றது. 'வெறும் தடிமன் காய்ச்சல்' என்று நாம் தள்ளிவிடும் நோய், அவளுக்கு வெறும் தடிமன் காய்ச்சல் அன்று.

அப்படியாயின் அச்சத்துக்குக் காரணமே இல்லையா? உண்டு. அதனை மூடநம்பிக்கை என்று எள்ளுவோருடன் நாம் சேரமாட்டோம். 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்னும் மருந்து, கர்ப்பிணிகளின் ஓங்காளத்துக்கும் கொடுக்கப்பட்டது. 1961இல் அது சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. அதற்கிடையில் அம்மருந்தின் விளைவாகப் பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் குறுகிய கைகால்களுடன் கருவாகிவிட்டனர். கருவிலுள்ள சிசுவை அது என்ன செய்யும் என்று சோதியாமலே விற்றதுதான் அங்கு நிகழ்ந்த குற்றம். ஆனால், உலகம் அதிலிருந்து பெற்ற பாடமோ விந்தையானது. 1977இல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்குமாறு வழிகாட்டியது. 1993இலேயே அது மாற்றப்பட்டது. சோதியாமையால் விளைந்த கேட்டுக்குச் சோதியாமையே மருந்தாயிற்று! சோதிக்கப்படவில்லை, ஆதலால் கொடாதே. கொடுக்கப்படுவதில்லை, ஆதலால் சோதியாதே என்னும் வட்டத்துக்குள் கர்ப்பிணி நிறுத்தப்பட்டாள். அதற்கிட்ட பெயர் பாதுகாப்பு.

இவ்வட்டத்தை உடைத்த முயற்சிகளுள் ஒன்று செல்வ நாடொன்றில் நிகழவில்லை. வங்காளதேசத்தின் டாக்கா நகரில் நிகழ்ந்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் கருவுற்ற காலத்தின் இறுதி மூன்று மாதங்களிலிருந்த 340 பெண்கள் அதிற் பங்குகொண்டனர். ஒரு பகுதியினர் இன்புளுவென்சாத் தடுப்பூசியும், மறு பகுதியினர் நியுமோனியாவுக்குக் காரணமான நுண்கிருமி ஒன்றுக்கெதிரான ஊசியும் பெற்றனர். பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ ஆறு மாதம் வரை அவதானிக்கப்பட்டனர். ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்ட இன்புளுவென்சா, மறு பகுதித் தாய்மாரின் பிள்ளைகளுள் 16 பேருக்கும், இன்புளுவென்சாத் தடுப்பூசி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளுள் 6 பேருக்கும் கண்டது. 2008இல் வெளிவந்த முடிவுகள் இதனை 63 சதவீதக் குறைவு எனக் கணித்தன. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு இத்தடுப்பூசியை நேரே ஏற்றுவதில்லை. தாயின் உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தினூடாகச் சென்று, பிறந்தபின்னும் சில மாதங்கள் பிள்ளையைக் காக்கின்றன. கர்ப்பிணிக்கு ஏற்றப்படுவது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரசு. அது நோயை உண்டாக்க இயலாதது. மூக்கினுட் தெளிக்கும் உயிருள்ள வகை கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஊசி எல்லாரையும் காத்துவிடவில்லை என்பதற்கு அந்த 6 பிள்ளைகளே சான்று.

கருவிலுள்ள பிள்ளையிடம் சம்மதம் கேட்க இயலாது. ஊசி ஏற்றும்போதும் தாயே அதற்காக முடிவு செய்கின்றாள். ஏற்றாதுவிடும்போதும் அவளே செய்கின்றாள். முடிவு செய்யாத ஓரிடம் அவளுக்கு இல்லை. செய்யத் தகாததைச் செய்வதையும் செய்யத் தக்கதைச் செய்யாமையையும் ஒரே குறளில் வைத்து, இரண்டும் கேடென்றார் வள்ளுவர். அது அரசியலிற் சொல்லப்பட்டது. வீட்டுக்கு வரும்போது நாம் அதன் பின்பாதியை மறந்துவிடுகின்றோம்.

ஆனால், பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டு ஓய்ந்திருப்பது ஆசிரியராகிய எமக்கு மிக எளிது. அறியாமையைக் கண்டித்து ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிடலாம். எமது நாட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் மருத்துவமாதின் சொற்கேட்டுக் கிளினிக்குக்குச் சென்று ஏற்பு ஊசியைத் தலைமுறைகளாகப் பெற்று வருகின்றனர். அதுவும் தாயின் கையிலேற்றிப் பிள்ளையைக் காக்கும் ஊசியே. பச்சிளங் குழந்தைகளைக் கொன்ற ஏற்புநோய் இன்று இங்கு ஏறத்தாழ இல்லாதொழிந்தமைக்கு, அவ்வூசி காசின்றிக் கிராமம்தோறும் சென்றதும் ஒரு காரணம். அங்கே எந்தத் தாயும் தத்துவ விசாரணை நடத்தவில்லை. ஊசியைக் கொண்டுவந்தவளை அவள் அறிவாள், அது போதுமாயிருந்தது.

இன்புளுவென்சா வைரசு உருமாறுவது. அதனால் அதற்குரிய ஊசியும் ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்பட்டுப் புதிதாக ஆக்கப்படல் வேண்டும். ஆண்டுதோறும் வாங்கப்படவும் வேண்டும். இத்தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கும் அல்லது விரிக்கும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் அளித்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இற் கூறிற்று. எனினும் வறிய நாடுகள் பெரும்பாலானவற்றில் அத்தகைய திட்டமே இல்லை. டாக்காவில் கை நீட்டிய அப்பெண்கள் தந்த அறிவைக் கொண்டு, செல்வ நாடுகளின் வைத்தியர்கள் தம் கர்ப்பிணிகளுக்குத் தெளிவுரை கூறுகின்றனர். அப்பெண்களை ஒத்த நாட்கூலித் தொழிலாளிக்கோ, வறிய நாடுகள் பலவற்றில், அது கிடைத்தாலும் தனியார் மருத்துவமனையில் விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருள். அவ்விலையைக் கொடுக்க இயலாதவளின் 'செய்யாமை'யை யாருடைய பெயரில் எழுதுவது?