கைபோல் நடிக்கும் எழுத்து

1994 இல் அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் எழுத்துரு வடிவமைப்பாளராக இருந்த வின்சன்ட் கொனார், கணினிக்குப் புதியவர்களுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த 'பொப்' என்ற மென்பொருளைப் பார்த்தார். அதில் சித்திர நாயொன்று பேசிற்று. அதன் பேச்சுக் குமிழுக்குள் இருந்ததோ டைம்ஸ் நியூ ரோமன். 1932 இல் லண்டன் நாளேடொன்றுக்காக வந்த எழுத்து. நாய் இப்படிப் பேசாது என்று அவருக்குப் பட்டது. (நாயின் மொழிநடைக்காக இவ்வளவு கவலைப்பட்டவரை மதிக்கத்தான் வேண்டும்.) சித்திரக்கதைப் புத்தகங்களை முன்மாதிரியாகக் கொண்டு, உருண்ட முனைகளும் சீரற்ற கோடுகளுமாக அவர் வரைந்ததுதான் 'கொமிக் சான்ஸ்'. பொப்புக்கு அது காலந்தாழ்த்திவிட்டது. ஆனால் விண்டோஸ் 95 காலத்தில் உலகெங்கும் பரவியது.

கையால் எழுதும்போது ஒரே எழுத்து இரண்டு முறை ஒன்றுபோல் விழாது. இங்கோ ஆயிரம் முறையும் அதே கோணல், அளந்து வைத்த கோணல். அப்படியானால் இது பொய்யா? பொய்க்கு ஏமாறுகிறவர் ஒருவர் வேண்டும். பிறந்தநாள் அழைப்பிதழில் இதைக் காண்பவர் எவரும் கையெழுத்தென்று நம்புவதில்லை. மேடையில் அரசன் வேடம் கட்டியவனை நாம் பொய்யன் என்பதில்லையே.

ஆனால் கடனுக்கு வீட்டை எடுத்துக்கொள்ளப்போகும் நிறுவனமொன்று, தன் நிபந்தனைகளை இப்படிக் குழந்தைத்தனமான உருண்டை எழுத்தில் அச்சிட்டால் நிலைமை வேறு. அங்கே எழுத்து ஒரு நெருக்கத்தை வாக்களிக்கிறது. கொடுப்பவரிடம் அந்த நெருக்கம் இல்லை. குற்றம் உருவத்தில் அல்ல, அதை ஏவியவரின் எண்ணத்தில்.

மறுபக்கமும் உண்டு. 2012 ஜூலை 4 ஆம் திகதி ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில், அட்லஸ் பரிசோதனைக் குழுவின் சார்பில் ஃபபியோலா ஜியனொட்டி, பின்னர் ஹிக்ஸ் போசோன் என உறுதியான புதிய துணிக்கையை அறிவித்தார். அப்படியொரு துணிக்கை இல்லாமலே அத்தகைய தரவு தற்செயலாய் அமைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சத்தில் ஒன்று. ஆனால் அவர் திரையிட்ட பக்கங்கள் கொமிக் சான்ஸில் இருந்தன. பலர் சிரித்தது அதற்கு. பல்லாயிரம் பேரின் இரு தசாப்த உழைப்பைவிட எழுத்தின் உடை அவர்களுக்குப் பெரிதாய்ப்பட்டது. எனக்கு அந்தச் சிரிப்பில் ரசனை தெரியவில்லை, அகந்தைதான் தெரிகிறது. சேர்ன் மட்டும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது: 2014 ஏப்ரல் முதலாம் திகதி, இனித் தன் இணையத்தளம் முழுவதும் இவ்வெழுத்தே என்று அறிவித்து விளையாடியது.

அதற்கும் முன்பே இவ்வெழுத்தைத் தடைசெய்யக் கோரி அமெரிக்க வடிவமைப்பாளர் இருவர் ஓர் இயக்கமே நடத்தினர், பாதி வேடிக்கையாக. ஆனால் அவமதிப்பு வேடிக்கையோடு நிற்பதில்லை. வாசிப்பு இடர்பாடு உள்ளவர்களுக்காகப் பணியாற்றும் பிரித்தானிய சங்கம், அவர்களுக்கு எளிதாய் அமையக்கூடிய எழுத்துகளுள் கொமிக் சான்ஸையும் சேர்த்துள்ளது. அந்த எழுத்தில்தான் ஒரு வரியை முழுதாக வாசித்து முடிக்கிற பிள்ளை, அது கேலிக்குரிய எழுத்து என்பதை வேறு யாரோ சொல்லித்தான் அறிகிறது.