திரும்பும் இடம்

நெடுங்காலம் ஒரே திசையில் சென்று பழகிய மனிதன், வேறு திசைக்குத் திரும்ப நேரும்போது எப்படித் திரும்புவது என்னும் கேள்விக்கு எத்தனையோ நூல்கள் விடை கூறுகின்றன. ஆயினும் எனக்கு மனநிறைவு தந்த விடை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு பொற்கொல்லரின் பட்டறையில் அமர்ந்து, நகை வேலைக்குரிய சிறு ரம்பத்தால் உலோகம் அறுக்கக் கற்ற காலத்தில்தான் கிடைத்தது.

அந்த ரம்பம் பார்வைக்கு மிக எளியது. ஒரு பக்கம் திறந்த எஃகுச் சட்டம், அதன் இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய அலகு, அவ்வளவுதான். பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழ்முகமாக இருக்கும்படி அலகின் ஒரு நுனியைத் திருகில் இறுக்கி, சட்டத்தை மேசை விளிம்புக்கும் நெஞ்சுக்கும் இடையே வைத்துச் சற்றே அமுக்கி, மறுநுனியையும் பூட்டிவிட்டு நெஞ்சை விலக்கினால், சட்டம் தன் பழைய நிலைக்கு மீள முயன்று அலகை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. விரலால் சுண்டினால் தம்புராத் தந்திபோல் அது கணீரென்று ஒலிக்க வேண்டும். பிறகு அலகில் சிறிது தேன்மெழுகு தடவி, கோடு கீறிய செப்புத் தகட்டை மரக்கட்டையின்மேல் இடக்கையால் அழுத்திக்கொண்டு ரம்பத்தைச் செங்குத்தாக இயக்கினால், கீழே இறங்கும்போது மட்டும் அது அறுக்கிறது. கோட்டை மறைக்கும் செம்புத்தூளை அவ்வப்போது ஊதிவிட்டு, கோட்டுக்குச் சற்று வெளியே ஓடும்படி பார்த்துக்கொண்டால் போதும். மிகுதியை அரம் தேய்த்துக்கொள்ளும்.

நேராக அறுப்பது அப்பியாசத்தால் விரைவில் கைவரும். ஆனால் நேர்கோட்டுக்குக் கத்திரியே போதுமே. இந்த ரம்பத்தின் பெருமையெல்லாம் மாங்காய்க்கும் கொடிக்கும் அன்னத்தின் கழுத்துக்கும் உரிய வளைவுகளில்தான் இருக்கிறது. பிரான்சு தேசத்தில் பதினான்காம் லூயி மன்னரின் ஆதரவில் 1672 முதல் பணிபுரிந்த ஆந்திரே சார்ல் பூல் என்னும் தச்சுக் கலைஞர், பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நுண்ணிய ரம்பத்தால் ஒருசேர அறுத்து, ஒன்றில் பெயர்த்த உருவத்தை மற்றொன்றின் வெற்றிடத்தில் பதித்தார். அவருடைய மேசைகளிலும் பேழைகளிலும் கண்ணைக் கவர்ந்து நிறுத்துபவை சுருண்டு படரும் கொடிகளே.

வளைவில் ரம்பம் திரும்பும் இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பொதுவாக வழங்கும் அலகொன்றின் கனம் கால் மில்லிமீட்டர் என்றால், முன்பின்னாக அதன் அகலம் அரை மில்லிமீட்டர். அதாவது, தான் அறுத்து வந்த பிளவைவிட அலகு அகலமானது. ஆகையால் தன் பாதைக்குள்ளேயே அதனால் திரும்ப முடியாது. முறுக்கினால் முறியும். கூரிய மூலையொன்றை நான் எட்டியபோது அருகிலிருந்த ஆசாரியார், "ஐயா, கையை நிறுத்தாதீங்க, முன்னாலயும் தள்ளாதீங்க, நின்ன இடத்துலயே அறுத்துக்கிட்டு, தகட்டை மெள்ளத் திருப்புங்க" என்றார். அப்படியே செய்தேன். ரம்பம் மேலும் கீழும் ஓடிக்கொண்டேயிருந்தது. கோட்டில் ஓர் இம்மியும் முன்னேறவில்லை. ஆனால் அந்த ஒரு புள்ளியில் செம்பு துகள் துகளாக உதிர்ந்து, அலகு திரும்புவதற்கு வேண்டிய இடம் உண்டாயிற்று. பிறகு புதிய திசையில் அது தடையின்றிச் சென்றது.

மனிதனும் தன் பாதையைவிட அகலமானவன் அன்றோ? முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்தவனையும், துணையை இழந்தவளையும், கற்ற கல்வியை விட்டு வேறு தொழிலுக்குப் போகத் துணிந்த இளைஞனையும், அவர்களே இதுவரை வகுத்துக்கொண்ட வழக்கங்களும் உறவுகளும் பெயரும் இருபுறமும் நெருக்கிப் பிடித்திருக்கின்றன. அந்நிலையில் வலிந்து திரும்ப முயல்பவன் மனம் முறிகிறான். திகைத்துக் கைகட்டி அமர்ந்துவிடுபவனுக்கோ இடம் உண்டாவதே இல்லை. காலையில் எழுந்து செய்யவேண்டிய சிறு கடமைகளைப் பலன் கருதாது செய்துகொண்டே, திசையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வதே விவேகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது சோம்பலென்று சிலர் சொல்லக்கூடும். சோம்பலில் துகள் உதிர்வதில்லை. இதிலோ உழைப்பு முழுவதும் ஒரே புள்ளியில் செலவாகிறது.

இவ்வாறும் திரும்ப இயலாத மூலைகள் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உட்கோணம் மிகவும் குறுகியதானால், வந்த பிளவு வழியே ரம்பத்தை இயக்கியபடியே பின்வாங்கி, மறுபக்கத்திலிருந்து அறுத்து வந்து இரு கோடுகளையும் அம்மூலையில் சந்திக்கச் செய்வதே தொழில்முறை. பின்வாங்குதலும் அங்கே வேலையின் ஒரு பகுதியே.

ஆனால் உலகம் சென்ற தூரத்தை மட்டுமே கணக்கிடுகிறது. வீட்டில் ஒருவர் இவ்வாறு திரும்பிக்கொண்டிருக்கையில், "இத்தனை நாளாக என்ன முன்னேற்றம்?" என்று நாம் கேட்பது, மூலையில் நிற்கும் ரம்பத்தை முன்னே தள்ளுவதற்கு ஒப்பான கொடுமை. அவர் கை ஓயாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து, அவருக்கு வேண்டிய காலத்தை மனமுவந்து அளிப்பதே குடும்பத்தாரும் நண்பரும் செய்யத்தக்க பேருதவி.