மாலை நேரத்து விலை

வாங்குகிறவனும் விற்கிறவனும் மனமொத்து ஒரு விலைக்கு உடன்பட்டுவிட்டால், பிறகு அதில் அநியாயம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்கள் ஒரு சந்தை நாளில் கொல்லிமலைக்குப் போய் வரலாம்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சோளக்காடு. சந்தை கூடும் இடம் அது. இன்னும் சற்றுத் தூரத்தில் செம்மேடு. நானும் ஒரு நண்பரும் காலையில் செம்மேட்டுக் கடைத்தெருவைச் சுற்றினோம். பிஸ்கட், சோப்பு, செல்போன் உறை எல்லாம் சமவெளியில் இருப்பது போலவே இருந்தன. நண்பர் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கினார். உறையில் போட்டிருந்த விலையைப் பார்த்தார், கொடுத்தார். அச்சில் ஏறிய எண்ணுக்கு நம்மவர்களிடம் அப்படி ஒரு மரியாதை!

பிற்பகலில் சோளக்காட்டுக்கு வந்தோம். மலைவாழைத் தார்களும் அன்னாசியும் பலாவும் தரையில் குவிந்து கிடந்தன. சில்வர் ஓக் மரங்களில் கொடியேற்றிப் பறித்த மிளகை ஒரு பெண் சாக்கில் வைத்திருந்தாள். நண்பர் விலையைக் குறைத்துக் கேட்டதும் சிரித்துக்கொண்டே சாக்கின் வாயை மடித்தாள். “அடுத்த சந்தைக்கு வித்துக்கறேன், ஐயா” என்றாள்.

நாலடி தள்ளி ஒரு கிழவி நான்கு பலாப்பழங்களோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்று நூறு ரூபாய் என்றாள். “ஏம்மா, அறுபதுன்னா எடுத்துக்கறேன்” என்றார் நண்பர். அவள் பழத்தைப் பார்க்கவில்லை. பஸ் நிற்கும் பக்கம் பார்த்தாள். வெயில் இறங்கியிருந்தது. “சரி, எடுத்துக்குங்க” என்றாள்.

உடன்பாடுதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் மிளகு மாதக்கணக்கில் இருக்கும். பழுத்த பலா இருக்காது. அதைத் தலையில் சுமந்து திரும்பவும் முடியாது. அந்த நாற்பது ரூபாய் கிழவியின் கடைசி பஸ்ஸிலிருந்து பிடுங்கியது என்றே எனக்குத் தோன்றியது.

நண்பரிடம் சொன்னேன். “நான் வாங்காவிட்டால் அது அழுகித்தானே போகும்? அறுபதாவது கிடைத்ததே” என்றார். அதை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அவளுக்கு அறுபது ரூபாய் கிடைத்தது உண்மை. ஆனால் அதை உதவி என்று சொல்லிக்கொள்கிறவர், அந்த உதவிக்குக் கூலியாக நாற்பது ரூபாயை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேண வேண்டும் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வாணிகருக்குச் சொன்னார். வாங்குகிறவர்களாகிய நாம் அது கடைக்காரனுக்குச் சொன்னது என்று நிம்மதியாக இருக்கிறோம்.

நண்பருக்கு மனம் உறுத்தியிருக்க வேண்டும். திரும்பிப் போய் இருபது ரூபாயை நீட்டினார். “பேசினது பேசினதுதான், ஐயா” என்று கிழவி கையை இழுத்துக்கொண்டாள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. கொடை இன்னதென்று அந்த ஊர்க்காரிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கேட்டது விலை.

சந்தையில் விலைப்பலகை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் நண்பர், இறங்கும்போது. பலகையைப் பார்த்துக்கொண்டு பஸ் நிற்குமா? அந்த நான்கில் இரண்டு பழங்கள் இன்னும் இரண்டு நாள் தாங்கக்கூடியவை. இரவு அவற்றைப் பூட்டி வைத்துவிட்டுப் போக அவளுக்கு ஒரு கொட்டகை இருந்திருந்தால், அவளும் அந்த மிளகுக்காரியைப் போலச் சிரித்திருப்பாள்.