மயக்கமும் மறைப்பும்

ஐந்தொழில்களுள் மறைத்தலும் அருளேயாம் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. உயிர் தன் வினையை நுகர்ந்து மலபரிபாகம் எய்துதற்பொருட்டு, இறைவன் தன்னை அதற்குப் புலப்படாவாறு மறைத்து நிற்பன். இதனை உளங்கொண்டு, விலங்கு மருத்துவத்தில் எழும் ஓர் அறவினாவை ஈண்டு ஆராய்வாம்.

வண்டலூரிலுள்ள அறிஞர் அண்ணா உயிரியற் பூங்காவிற் சிம்பன்சிகள் வளர்க்கப்படுகின்றன. மைசூர்க் காட்சிசாலைக்கு 2021-இல் செருமனியினின்றும் கொரில்லாக்கள் வந்தன. இத்தகைய பெருங்குரங்குகள் மனிதரினும் வலிமிக்கன. ஆதலின், பல்லைப் பிடுங்கவோ, புண்ணை ஆற்றவோ, நெஞ்சப்பையின் நிலையை அறியவோ புகும் மருத்துவர் அவற்றை முன்னர் மயக்குதல் உலகெங்கும் வழக்கு. உணவை நிறுத்தி, ஊதுகுழலாலோ துப்பாக்கியாலோ மயக்க ஊசி எய்வர். சில நிமிடங்களிற் கருவிகள் ஒடுங்க, உயிர் சுழுத்தியை ஒத்துக் கிடக்கும். உயரத்தினின்று வீழ்தலும், வாந்தி மூச்சுக்குழலிற் புகுதலும், நெஞ்சப்பை தளர்தலும் இதன்கண் உள்ள இடர்கள். எய்தவரை நினைவில் வைத்துப் பின்னர்க் கண்டபொழுது அஞ்சுதலும் உண்டு. ஒருசார் விலங்கும் ஆறறிவுடையன என்னும் தொல்காப்பிய மரபிற்கு உரைகண்டோர் குரங்கையும் யானையையும் காட்டியது ஈண்டு நினைக்கத்தகும்.

அற்றேல், இசைவின்றி ஓருயிரின் அறிவை மறைத்தல் தீங்கன்றோ எனின், நோய் தீர்த்தற்பொருட்டாயின் அன்று. கைப்பு மருந்தை மகவின் வாயிற் புகட்டும் தாயை வன்கண்ணள் என்பார் யாருமிலர்.

இறைவன் மறைப்பும் மருத்துவன் மயக்கமும் ஒன்றேயோ எனின், அற்றன்று. இறைவன் முற்றுணர்வினன், உயிரின் பக்குவம் அறிந்தே மறைப்பன், அதனால் தனக்கு எய்தும் பயன் யாதுமில்லை. மனிதனோ சிற்றறிவினன், தன் வசதியையே பிறிதோருயிரின் நலமெனக் கொண்டு மயங்குவன். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் இடுக்கியிலும் ஜூனில் தேனி மாவட்டத்திலும் மயக்க ஊசி எய்து பிடிக்கப்பெற்ற அரிக்கொம்பன் என்னும் யானை, முடிவில் நம் நாஞ்சில் நாட்டை அடுத்த மேல்கோதையாற்று மலைக்காட்டில் விடப்பட்டது. அம்மயக்கம் பெரிதும் ஊரார் அச்சம் தீர்த்தற்கு நிகழ்ந்தது. யானையின் பிணி தீர்த்தற்கன்று. இரண்டையும் கருணை என்னும் ஒரு பெயரால் வழங்குதல் பொருந்தாது.

ஆகவே மயக்குதற்கு முன் வினாவற்பாலன மூன்று: பயன் அவ்வுயிர்க்கோ, நமக்கோ? மயக்காது செய்யும் வழி உண்டோ? அச்சம் இயன்றவரை குறைக்கப்பட்டதோ? வெளிநாட்டுக் காட்சிசாலைகள் சிலவற்றில், கனி கொடுத்துப் பழக்கிய குரங்குகள் தாமே கம்பியருகு வந்து ஊசிக்குக் கை நீட்டுகின்றன. ஒலியலைக் கருவிக்கு மார்பு காட்டி விழித்தபடியே நிற்கின்றன. இதற்குப் பல திங்கட் பொறுமை வேண்டும். அப்பொறுமையே சீவகாருணியம், ஊசியெய்தல் அதற்கியலாவிடத்துக் கொள்ளும் இரண்டாம் வழி.

அடைத்து வைத்தவரும் நாமே, மருந்திடுபவரும் நாமே. தப்பியோட இடமில்லாத உயிர்க்கு நாம் பட்ட கடன், காட்டில் உலவும் உயிர்க்குப் பட்டதினும் பெரிது. தன் குறை சொல்ல வாயில்லாத உயிரின் உள்ளும் சிவம் உறைதலை மறவாதார் கையிலேதான் மயக்க மருந்து இருத்தல் தகும் என்க.