திரையில் வரலாறு: வழுவும் வழுவமைதியும்

மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில், அவ்வாண்டிலேயே தமிழ்ப் பேசும்படம் ஓடியதாக ஒரு திரைப்படம் காட்டுமாயின், அதனை நகையாடாதார் இலர். தமிழின் முதற் பேசும்படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' வெளிவந்தது 1931இலேயாம். தொடக்ககாலச் சினிமாவைப் பொருளாகக் கொண்ட படங்களில் இத்தகைய தவறுகளைத் தேடிக் காண்பது கற்றோர்க்கு இன்பந் தரும் பழக்கம். ஆயின், எல்லாத் தவறுகளும் ஒரே தன்மையினவா?

நம் இலக்கண நூலார் பிழையை வழு என்றனர். காரணம் பற்றி ஏற்கத்தக்கதை வழுவமைதி என்றனர். இப்பாகுபாடு ஈண்டும் பொருந்தும். 'ஹியூகோ' (2011) என்னும் படத்தில், லூமியர் சகோதரரின் புகைவண்டிக் காட்சியைக் கண்டோர் அஞ்சி ஒதுங்குகின்றனர். அவ்வச்சத்தை வெறுங் கதையெனவே திரைப்பட வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். எனினும் அது புதிய கலை விளைத்த வியப்பை உணர்த்துகின்றது. எவர்க்கும் தீங்கு செய்யவில்லை. அதற்கு அமைதி கூறலாம்.

'செல்லுலாய்ட்' (2013) எழுப்பும் வினா வேறு. அகத்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டானியல் எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதற் படம். அது 1928இல் வெளிவந்ததென நெடுங்காலம் எழுதப்பட்டது. பின்னர் ஆய்வாளர் 1930 எனத் திருத்தினர். அதன் நாயகி பி. கே. ரோசி தலித் பெண்; நாயர்குலப் பெண்ணாக நடித்தமைக்காகத் தாக்கப்பட்டு ஊரைவிட்டு நீங்கியவர். படச்சுருள் எஞ்சவில்லை, அவர்தம் வரலாறும் துணுக்குகளாகவே எஞ்சியுள்ளது. அவ்வெற்றிடத்தை அடங்கியொடுங்கிய ஒரு பேதையின் உருவால் 'செல்லுலாய்ட்' நிரப்பியதெனத் தலித் விமர்சகர் சிலர் கண்டித்தனர். ஆண்டினைத் தவறாகக் கூறின் ஓர் ஆவணம் மறுத்துரைக்கும். மறைந்த மனிதரைத் தவறாகத் தீட்டின், மறுத்துரைக்க உரியவர் இலர். கலைஞர்க்குக் கற்பனையுரிமை இல்லையா எனின், உண்டு. உண்மைப் பெயரைச் சூட்டும்போது அவ்வுரிமையோடு கடமையும் சேர்ந்தே வருகின்றது.

இவ்வினா நமக்கும் உரியது. முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' (1947) தமிழரான எஸ். எம். நாயகத்தால் மதுரையில் தயாரிக்கப்பட்டது. நாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். நாளை ஒருவர் இவ்வரலாற்றைப் படமாக்கி, கமராவும் உடையும் காரும் சிறிதும் பிசகாமற் காட்டி, மதுரையையும் நாயகத்தையும் விட்டுவிடின், பொருட்களில் மட்டும் வழு தேடுவோர் ஒன்றுங் காணார். திரையில் இருப்பதிற் பிழை காண்பது எளிது. இல்லாததைக் காண்பதற்கு வரலாற்றறிவு வேண்டும். ஆதலின், காலவழுக்களைக் குறித்து வைத்தபின், உரியவர்க்கு உரிய இடம் படத்தில் உண்டா என வினவுதலும் நம் கடனாம்.